கணக்கில் முதலில் தெரியும் மறதி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வாழ்ந்த தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்து நிற்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது இவர்கள் சிறுபிள்ளைகள். இருமொழிப் பழக்கம் இவர்களுக்கு ஒரு நன்மையையும் தந்திருக்கலாம். ஐதராபாத் நிசாம் மருத்துவ நிறுவனத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்த சுவர்ணா அல்லாடி குழுவினர், இருமொழியாளருக்கு மறதிநோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குவதை 2013இல் வெளியிட்டனர்.

தாமதமாக வந்தாலும் நோய் நோயே. 60 வயதைக் கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

பெயர் மறப்பதைத்தான் குடும்பத்தார் பெரிதாக எண்ணுகின்றனர். பணத்தைக் கையாளும் திறனோ அதற்கும் முன்பே தளரக்கூடும். அமெரிக்க முதியோரின் கடன் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, நோய் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே தவணைகள் தவறத் தொடங்கியதைக் காட்டியது. வங்கி முகப்பில் அமர்ந்திருக்கும் எங்களுக்கு இது வியப்பளிக்கவில்லை. காலையில் எடுத்த ஓய்வூதியத்தை மாலையில் மீண்டும் எடுக்க வருதல், பல்லாண்டு மாறாத கையொப்பம் உருக்குலைதல், ரப்பர் ஷீட் விற்ற பணத்தை மருமகள் எடுத்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டுதல் ஆகியவற்றை வெறும் முதுமை என்று ஒதுக்கிவிடலாகாது.

மொழியும் ஓர் அடையாளம். பின்னாளில் பழகிய மொழி சிலரிடம் முதலில் நழுவும்; மலையாளத்தில் கோப்பு எழுதியவர் சொல் கிடைக்காமல் தமிழுக்குத் திரும்புவார். நினைவாற்றல் சோதனைகள் மொழியைச் சார்ந்தவை. ஆகவே நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ, ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கோ அழைத்துச் செல்லும்போது வீட்டுமொழி தமிழ் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் தாமதிக்கலாகாது என்கிறோம்.

தாமதிக்கலாகாது என்பதற்கு எங்கள் துறை சார்ந்த காரணமும் ஒன்றுண்டு. நியமனதாரர் பெயர் இருக்கிறதே எனப் பலர் நிம்மதியாக இருக்கின்றனர். அந்த நியமனம் கணக்குதாரர் இறந்த பின்னரே பயன்படும். அதிகாரப் பத்திரமும் போதாது. எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது முடிவுக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்கும் ஏற்பாடு இல்லாமையால், குடும்பத்தார் உயர்நீதிமன்றப் படியேற நேர்கிறது. மருந்துச் செலவுக்குப் பணம் கணக்கிலேயே இருந்தும் எடுக்க இயலாத நிலை மிகக் கொடியது. பெரியவர் தாமே புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போதே, அவர் விருப்பத்தோடு, நம்பிக்கைக்குரிய ஒருவரைச் சேர்த்து ‘இருவருள் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்னும் முறையில் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்க. களியக்காவிளைப் பக்கம் வேறொரு கணக்கு இருக்கிறதா என்பதையும் கேட்டறிக. எல்லையோரக் குடும்பங்களில் அது அரிதன்று.

வீட்டில் வாதம் பயன் தராது. “பணம் காணோம்” என்பவரிடம் பாஸ்புக்கைக் காட்டி வழக்காடாமல், கூட அமர்ந்து தேடுங்கள். கையில் செலவுக்குச் சிறு தொகை இருக்கட்டும். ஏடிஎம் அட்டையின் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே மகளோ மருமகளோதான். அவருக்கும் வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு தேவை. உடன்பிறந்தார் முறைவைத்து வரவேண்டும். இந்திய அல்சைமர் சங்கம் 1992இல் தோன்றியது முதல், குடும்பங்களுக்கு வழிகாட்டுதலைத் தன் பணியாகக் கொண்டுள்ளது.

எழுபது வயதைக் கடந்தோருக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. பெரியவரை வரிசையில் நிறுத்த இயலாதபோது, இச்சேவை குறித்து உங்கள் கிளை மேலாளரிடம் கேளுங்கள்.