பயிரின் உயிரணுவும் வளர்ச்சி ஊக்கியும்

தை பிறந்து முந்திரி பூக்கத் தொடங்கியதும் பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து விவசாயிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை, எந்த டானிக் அடிக்கலாம்?" என்பதே அது. கடைக்குப் போனால் பத்து விதமான புட்டிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். விலையும் சாதாரணமாக இல்லை. இப்புட்டிகளில் சிலவற்றில் இருப்பது, பயிர் தானே தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளும் வளர்ச்சி ஊக்கி, அல்லது அதைப் போலவே வேலை செய்யும் செயற்கைப் பொருள். மற்றவற்றில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. பயிர் இந்த ஊக்கியை எப்படி உண்டாக்குகிறது, எப்படி அளவோடு வைத்துக்கொள்கிறது என்பதை அறிந்துகொண்டால், எதற்குப் பணம் செலவிடலாம், எதற்குச் செலவிட வேண்டாம் என்பது தெளிவாகும்.

ஊக்கி என்பது யாது?

பயிருக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்துக்கள் உணவு போன்றவை. வளர்ச்சி ஊக்கி (ஹார்மோன்) உணவு அன்று. அது ஒரு கட்டளை. எந்தக் கிளை நீளவேண்டும், எந்த மொட்டு உறங்கவேண்டும், எந்தப் பிஞ்சு உதிரவேண்டும் என்பதெல்லாம் இதனால் தீர்மானிக்கப்படுகின்றன. ஊக்கிகள் பல உண்டு. அவற்றுள் முதலில் கண்டறியப்பட்டது ஆக்சின் ஆகும். ஹாலந்து நாட்டு அறிஞர் வெண்ட் என்பவர் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டிக் கடற்பாசிக் கூழின் மேல் வைத்து, பின்னர் அந்தக் கூழ்த் துண்டை நுனியற்ற நாற்றின் ஒரு பக்கமாக வைத்தார். நாற்று மறுபக்கம் வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கூழுக்குள் இறங்கி, பிறகு நாற்றை வளரச் செய்தது என்பது 1928ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இந்த ஆய்வினால் உறுதியாயிற்று. அப்பொருள் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்று 1934இல் தெரிய வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதைப் பயிரிலிருந்து எடுக்கவில்லை. மனிதனின் சிறுநீரிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள்.

இதன் அளவு மிகமிகச் சொற்பம். ஒரு கிராம் இளந்தளிரில் சில நானோகிராமிலிருந்து சில பத்து நானோகிராம் வரையே இருக்கும். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஆனால் நாம் 40 பி.பி.எம். கரைசல் தெளிக்கும்போது அதன் ஒவ்வொரு மில்லியிலும் 40,000 நானோகிராம் இருக்கிறது. தெளித்ததில் ஒரு பகுதியே இலைக்குள் புகும் என்றாலும், பயிரின் சொந்த இருப்போடு ஒப்பிட்டால் அது பெருவெள்ளம்தான். இந்த வெள்ளத்தைப் பயிர் என்ன செய்கிறது?

உண்டாவதும் ஓடுவதும்

குருத்து நுனி, இளம் இலை, வளரும் விதை ஆகிய இடங்களில் ஆக்சின் மிகுதியாக உண்டாகிறது. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை உயிரணுவிலுள்ள நொதிகள் இரண்டு படிகளில் ஆக்சினாக மாற்றுகின்றன. உண்டான இடத்திலேயே அது தங்கிவிடுவதில்லை. உயிரணுவின் சவ்வில் ஒரு பக்கத்தில் மட்டும் இதற்கென வாயில் போன்ற புரதங்கள் உள்ளன. அவை ஆக்சினை வெளியே தள்ள, அடுத்த உயிரணு ஏற்றுக்கொள்ள, இப்படியாக நுனியிலிருந்து அடி நோக்கி மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அது இறங்குகிறது. வாயில்கள் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதையும் உயிரணு மாற்றிக்கொள்ளும். செடி சாய்ந்து விழுந்தால் அதன் நுனி மீண்டும் மேல்நோக்கி நிமிர்வதும், நிலக்கடலையின் விழுது மண்ணை நோக்கி இறங்குவதும் இந்தத் திசைமாற்றத்தினால்தான்.

நுனியிலிருந்து இறங்கிவரும் ஆக்சின், கீழே இலைக் கணுக்களில் உள்ள மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிப்பது இதனால். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து நம் வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை மறந்தவர் இல்லை. வேரோடு பெயர்ந்த மரம் போயிற்று. நடுவில் ஒடிந்த முந்திரி மரம் அடிமரத்திலிருந்து தளிர் விடும். அடக்கி வைத்திருந்த நுனி இல்லாமற் போனதே அதற்குக் காரணம். பழைய முந்திரித் தோப்பில் அடிமரத்தை வெட்டி, எழும் தளிரில் நல்ல இரகத்தின் தண்டை ஒட்டும் முறையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும் என்று சொல்வதை அலட்சியம் செய்யலாகாது. அவை நாட்டுக் கன்றின் தளிர்கள்; அவற்றில் ஒன்று நுனியாகிவிட்டால் மேலே ஒட்டிய வி.ஆர்.ஐ. 3 அடங்கிப்போகும்.

குதிரும் குப்பைக் குழியும்

ஆக்சின் தேவைக்கு மேல் சேர்ந்தால் உயிரணு இரண்டு வழிகளைக் கையாளுகிறது. முதல் வழி பிணைத்து வைப்பது. ஆக்சினை ஒரு சர்க்கரையோடோ ஓர் அமினோ அமிலத்தோடோ பிணைத்துவிட்டால் அதற்கு வேலை செய்யும் திறன் இல்லை. வீட்டில் குதிரில் நெல்லைக் கொட்டி வைப்பது போல இது. மக்காச்சோள விதையில் உள்ள ஆக்சினில் பெரும்பகுதி இப்படிப் பிணைந்த நிலையிலேயே இருக்கிறது. விதை ஈரம் கண்டு முளைக்கும்போது கட்டு அவிழ்ந்து நாற்றுக்குப் பயன்படுகிறது. இரண்டாவது வழி அழித்துவிடுவது. நொதிகள் ஆக்சினை ஆக்சிகரணம் செய்து, மீட்கமுடியாத வேறு பொருளாக்கிவிடுகின்றன. அஸ்பார்டிக் அமிலத்தோடு பிணைக்கப்பட்ட ஆக்சினும் பெரும்பாலும் இந்த வழிக்கே போகிறது.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று. ஆக்சினைப் பிணைக்கும் நொதிகளை உண்டாக்கச் சொல்லும் கட்டளையை ஆக்சினே கொடுக்கிறது. உயிரணுவில் ஆக்சின் கூடிய சில நிமிடங்களிலேயே அந்த நொதிகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வரத்து கூடினால் மதகும் தானே திறக்கிறது என்று சொல்லலாம். ஆகவே 10 நாளைக்கு ஒருமுறை ஊக்கி தெளித்தால் 10 மடங்கு வளரும் என்று எண்ணுவது வீண். அதோடு போனாலும் பரவாயில்லை. மதகின் கொள்ளளவையும் மீறி ஆக்சின் பெருகினால் பயிர் எத்திலீன் என்ற வேறோர் ஊக்கியை உண்டாக்கத் தொடங்கும். எத்திலீன் இலையை முறுக்கும், பூவை உதிர்க்கும். பூ உதிராமல் இருக்க வாங்கிய மருந்தே அளவு மிஞ்சினால் பூவை உதிர்க்கிறது என்பது இதனால்தான்.

அப்படியானால் செயற்கை ஊக்கி எப்படித்தான் பலன் தருகிறது? நாப்தலின் அசிட்டிக் அமிலம் (என்.ஏ.ஏ.) ஆக்சினைப் போல வேலை செய்தாலும், இயற்கை ஆக்சினை அழிக்கும் நொதிகள் இதை எளிதில் அழிப்பதில்லை. எனவே சிறிய அளவே சில நாட்கள் நின்று வேலை செய்கிறது. சவுக்குக் குச்சியில் வேர்பிடிக்கத் தடவும் இண்டோல் பியூட்ரிக் அமிலத்தின் கதை வேறு. அதை உயிரணு சிறிது சிறிதாக இயற்கை ஆக்சினாக மாற்றிக்கொள்கிறது. குதிரோடு கொடுத்த நெல் போன்றது அது.

பிஞ்சு ஏன் உதிர்கிறது?

காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்காகச் சில உயிரணுக்கள் உள்ளன. பிஞ்சிலிருந்து காம்பு வழியாக ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை இவை ஒட்டியிருக்கும். வரத்து நின்று எத்திலீன் தலையெடுத்தால் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள பசை கரைந்து பிஞ்சு விழும். பிஞ்சில் ஆக்சினை முக்கியமாக உண்டாக்குவது விதை. கருவுறாத பூவில் விதை இல்லை, ஆகையால் வரத்தும் இல்லை. பலாப்பழத்தில் கருவுற்ற பூக்களே சுளையாகின்றன. கருவுறாதவை இடையிலுள்ள நார் போன்ற சடையாகின்றன. ஒரு பக்கம் மகரந்தம் சரிவரச் சேராத பழம் அந்தப் பக்கம் பள்ளமாகிக் கோணலாகிவிடும். சந்தையில் அதற்கு விலை குறைவு என்பது பண்ருட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனவே பிஞ்சு உதிர்ந்தால் முதலில் காரணத்தைப் பாருங்கள். முந்திரித் தளிரிலும் பூங்கொத்திலும் தேயிலைக் கொசு சாறு உறிஞ்சியிருந்தால் கரும்புள்ளி விழுந்து பூங்கொத்து கருகும். அதற்கு எந்த ஊக்கியும் பயன்படாது. வறட்சியினால் உதிர்ந்தாலும், மரம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பிஞ்சு பிடித்துத் தானே கழித்தாலும் அப்படியே. மரம் தன் சக்திக்கு ஏற்பப் பிஞ்சைக் கழிப்பது குறையன்று என்பது என் கருத்து. அதற்கு மருந்து தேடுவது பணத்துக்குக் கேடு.

ஊக்கி பலன் தரும் இடங்களும் உண்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியில் நெல் தரிசு உளுந்துக்கு, பூக்கும் முன்பு ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்.ஏ.ஏ. தெளிக்கப் பரிந்துரை உள்ளது. மிளகாய்க்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் போதும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4.5 சத மருந்து. அதன் ஒரு மில்லியில் 45 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே 10 லிட்டர் தொட்டிக்கு உளுந்துக்கு 9 மில்லி, மிளகாய்க்கு 2 மில்லிக்குச் சற்று அதிகம். மூடியால் அளந்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக் குழாயால் அளக்கவும்.

நெல்லின் உயரம்

ஜிப்ரலின் என்பது தண்டை நீட்டும் ஊக்கி. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளுத்து, மெலிந்து, மற்றவற்றைவிட உயரமாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது ஒரு பூசண நோய். அந்தப் பூசணம் சுரக்கும் பொருளே இந்த நீட்சிக்குக் காரணம் என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர் காட்டினார். ஜிப்ரலின் என்ற ஊக்கி அப்படித்தான் வெளிப்பட்டது. இதற்கு நேர்மாறானது 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8. அதில் ஜிப்ரலின் உண்டாக்கும் நொதிகளில் ஒன்று பழுதுபட்டிருக்கிறது. ஊக்கி குறைவு, அதனால் தாள் குட்டை. உரமிட்டாலும் எளிதில் சாய்வதில்லை. குட்டை இரகம் வந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 2002இல்தான் அந்தப் பழுது எந்த மரபணுவில் என்பது தெரிய வந்தது.

2,4-டி யும் கத்தரித் தோட்டமும்

2,4-டி களைக்கொல்லியும் ஒரு செயற்கை ஆக்சின் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நெல், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களின் உயிரணு இதன் அமைப்பைச் சற்று மாற்றிச் சர்க்கரையோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறது. அகன்ற இலைச் செடிகளால் அது முடிவதில்லை. அவை போடும் கட்டு மீண்டும் அவிழ்ந்துகொள்கிறது. உள்ளே போனதை வெளியேற்ற வழியில்லாமல் செடி முறுக்கிக்கொண்டு மடிகிறது. புல்லின் தண்டமைப்பு வேறாக இருப்பதும் அதற்குப் பாதுகாப்பு. களைக்கு நேரும் இதே கதி கத்தரி, தக்காளி, வெண்டை, பருத்திக்கும் நேரும்.

பாலூர் சுற்றுவட்டாரத்தில் கரும்புக்குப் பக்கத்திலேயே கத்தரி இருப்பது சாதாரணம். காற்றில் வந்த தூறல் பட்டால் இரண்டொரு நாளில் இலைக்காம்பு முறுக்கிக்கொள்ளும். பிறகு வரும் இலைகள் ஒடுங்கி, நரம்புகள் நெருங்கி, விரல் போல நீளும். பலர் இதை நச்சுயிரி நோய் என்று எண்ணி வெள்ளை ஈக்கு மருந்து அடித்துப் பணத்தைத் தொலைக்கிறார்கள். நச்சுயிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றி நாளடைவில் பரவும். 2,4-டி பாதிப்போ கரும்பு வயலை ஒட்டிய பக்கத்தில் ஒரே சமயத்தில் தெரியும். வரப்பிலுள்ள அகன்ற இலைக் களைகளும் முறுக்கியிருக்கும். இலேசாகப் பட்ட செடி நீர் பாய்ச்சினால் தேறி வரும், குருத்தே திரிந்துபோனது தேறாது.

எஸ்டர் வகை 2,4-டி ஆவியாகியும் பரவும் என்பதால் காய்கறிக்கு அருகில் அதைத் தவிர்க்கவேண்டும். காற்று ஓய்ந்த காலை வேளையில், நாசிலைத் தாழ்த்திப் பிடித்துத் தெளிக்கவேண்டும். முன் சொன்ன அளவுகளை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் அடியிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சமே ஒரு கத்தரிப் பாத்தியைக் கெடுக்கப் போதுமானது. சலவைச் சோடாக் கரைசலை ஓர் இரவு ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவுவது உதவும். எனினும் களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நலம். வாங்க இயலாதவர்கள் பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்து பொதுவில் ஒன்று வாங்கி, அதன் மேல் சிவப்பு வண்ணம் அடித்து வைக்கலாம்.

புட்டி வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். என்.ஏ.ஏ., ஜிப்ரலிக் அமிலம் போன்றவை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டியவை. கடற்பாசிச் சாறு முதலிய உயிர்த்தூண்டிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வருகின்றன. பொருளின் பெயரும் சதவீதமும் பதிவு எண்ணும் இல்லாத புட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கியதற்கு இரசீதும் கேட்டுப் பெறவும்.