ராக்கெட்டுக்கு எத்தனை லோடு ஹைட்ரஜன் வேணும்?

ஆலங்குளத்துக்குத் தெற்கே, பணகுடி தாண்டி, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கு. ராக்கெட் என்ஜினைச் சோதிக்கிற இடம்னு நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். திரவ ஹைட்ரஜன் தயாராவதும் அங்கேதான். அது டேங்கர் லாரியில் 700 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து ஸ்ரீஹரிகோட்டா போகிறது.

டீசல் மாதிரி இதை வாங்கி வச்சுட்டுச் சும்மா இருக்க முடியாது. மைனஸ் 253 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம் இது. எவ்வளவு நல்ல டேங்க் என்றாலும் வெளிச்சூடு உள்ளே போய், தினமும் கொஞ்சம் ஆவியாகும். குழாய்களைக் குளிர வைக்கவும் செலவாகும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் திட்டத்துக்கு வாங்கிய திரவ ஹைட்ரஜனில் கிட்டத்தட்ட பாதி, விண்கலத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

அதோட, ஏவுதல் கடைசி நேரத்தில் நிற்கலாம். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். ஜூலை 22-ல்தான் ஏவினார்கள். இப்படி நின்றால் நிரப்பியதை வெளியே எடுக்கணும், மறுபடி நிரப்பணும்.

அப்போ எவ்வளவு கையிருப்பு வைப்பது? ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு முயற்சியும் நின்றுபோக 5-ல் 1 வாய்ப்பு, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு லோடு வீண் என்று வைப்போம். மூன்று ராக்கெட் ஏவி முடிப்பதற்குள் சராசரியா 0.75 தடவை நிற்கும். "சரி, ஒரு லோடு கூடுதலா வச்சா போதும்"னு தோணும். ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா, 100-க்கு 18 தடவை அந்த ஒரு லோடு பத்தாது!

இந்தச் சின்னக் கணக்கைக் கையாலேயே போட்டுடலாம். தினசரி ஆவியாதல், லாரி தாமதம், ஆலைப் பழுது, மழை எல்லாம் சேர்ந்தா முடியாது. அங்கேதான் கணினி உருவகப்படுத்தல் வருது. ஒவ்வொன்றுக்கும் தாயக்கட்டை உருட்டுவது போல ஒரு மதிப்பு எடுத்து, ஒரு வருஷத்தை நாள் நாளாக ஓட்டும். இப்படிப் பத்தாயிரம் வருஷம் ஓட்டிவிட்டு, எத்தனை வருஷத்தில் டேங்க் காலியாச்சுன்னு எண்ணும்.

அதை வைத்துத்தான் முடிவெடுக்கணும்: டேங்கைப் பெருசாக்கணுமா, இன்னொரு லாரி வாங்கணுமா, ஆலையை முன்கூட்டியே ஓட்டணுமா? டேங்குகளுக்கு அழுத்தம் கொடுக்கும் ஹீலியத்துக்கும் இதே கணக்குதான். அதை இந்தியா இறக்குமதி செய்வதால், லாரிக்குப் பதில் கப்பல் தாமதத்தைப் போடணும்.