வாட் கணக்கில் மயங்காதீர்கள்!

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ ஆம்பிளிபயர் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் முதலில் வாட் கணக்கைத்தான் சொல்வார். வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிக்காது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்குச் சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020-க்குச் சானலுக்கு 20 வாட்தான். பெற்ற பெயரோ பெரிது! பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். மிஞ்சும் வெள்ளியை ஸ்பீக்கரில் போடுங்கள்.

கடையில் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய இசைத்தட்டுகள் வைத்திருப்போருக்கு 'போனோ' இணைப்பு அவசியம்; இல்லையேல் அதற்கெனத் தனிப்பெட்டி வாங்க நேரும். கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போனாலும் உங்கள் சொந்தத் தட்டைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் தேர்ந்தெடுத்த தட்டில் எந்தப் பெட்டியும் இனிமையாகத்தான் பாடும்!

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் போன்ற இடங்களில் பழைய ஜப்பான் சாமான் வாங்குவோர் வோல்ட் எண்ணைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட்; நம் நாட்டில் 230. '100' என்று மட்டும் எழுதியிருப்பதை நேரே சுவர் பிளக்கில் செருகினால், மாதக்கணக்கில் சேர்த்த பணம் நொடியில் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.