ஜெர்மனிக்கு 'ஓ பேர்' வேலையா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்!



'ஓ பேர்' என்ற பிரெஞ்சு வார்த்தை இப்போது நம் ஊர் டிகிரி முடித்த பெண்கள் வாயில் சர்வ சாதாரணமாக வருகிறது. 'சமமாக' என்று அர்த்தமாம். வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டுப் பெண் மாதிரி தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொள்வது. சாப்பாடும் ரூமும் அவர்கள் பொறுப்பு. கைச்செலவுக்குப் பணமும் தருவார்கள். ஐரோப்பிய நாடுகள் 1969ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆக, விஷயம் பொய்யில்லை. இதைச் சொல்லி நம்மிடம் பணம் பிடுங்க வருகிறவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் நாத்தனார் இரண்டு மாதம் முன்பு போன் செய்தாள். "அண்ணி, பொண்ணுக்கு ஜெர்மனியில் ஒரு வீட்டுல குழந்தை பார்த்துக்கற வேலை வந்திருக்கு. ஏஜென்ட் மூணு லட்சம் கேட்கறார். இப்போ டூரிஸ்ட் விசாவுல போய் இறங்கிடட்டும், அங்கே போய் மாத்திக்கலாம்னு சொல்றார். என் வளையலை அடகு வெச்சா ஒன்றரை வரும். மீதிக்கு அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். பெண்ணுக்கு வயசு 22, பி.காம். முடித்தவள். கெட்டிக்காரிதான். ஆனால் ஜெர்மன் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது!

"வளையலைக் கழற்றாதே, ஒரு வாரம் பொறு" என்று சொல்லிவிட்டு, என் பையனை உட்கார வைத்து, ஜெர்மன் தூதரகமும் அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையும் கொடுத்திருக்கும் விதிமுறைகளைப் படிக்கச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண் ஓ பேராக ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். அவளையும் கூப்பிட்டு வைத்து விசாரித்தேன்.

முதலில் அந்த டூரிஸ்ட் விசா சமாசாரம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் டூரிஸ்டாகப் போய் இறங்கி, அங்கே ஓ பேராக மாறிக்கொள்ள வழியே கிடையாது. இங்கிருந்து கிளம்பும்போதே அதற்கென்று உள்ள நீண்டகால விசாவோடுதான் போக வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் ஒரு வீட்டில் வேலை செய்தால் அது சட்ட விரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழையவும் தடை விழலாம். 22 வயசுப் பெண்ணுக்கு வருங்காலத்தில் படிக்கவோ வேலைக்கோ போகிற வாசலையே அடைத்துவிடும். ஏஜென்ட் இதையெல்லாம் சொல்வாரா?

வயது 18 முடிந்திருக்க வேண்டும். விசாவுக்கு மனுப் போடும் நாளில் 27 ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் பாஷை ஆரம்ப நிலையாவது தெரிய வேண்டும். ஏ1 என்று சொல்கிறார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் கதே இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, பழைய ஆட்கள் மாக்ஸ் முல்லர் பவன் என்பார்கள், அங்கே வகுப்பும் உண்டு, பரீட்சையும் உண்டு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ். மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் முடியும் என்றாள் எங்கள் தெருப் பெண். "மாமி, விசா கவுன்டரிலேயே ஜெர்மனில் கேள்வி கேட்டாங்க. அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், வருஷம் முடிஞ்சதும் என்ன செய்யப் போறேன்னு கேட்டாங்க. சர்டிபிகேட் மட்டும் வாங்கி வெச்சிட்டு பேச வரலைன்னா அங்கேயே மாட்டிப்போம்" என்றும் சொன்னாள்.

அடுத்தது அந்தக் குடும்பம். 18 வயதுக்குக் கீழ் ஒரு குழந்தையாவது வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் ஜெர்மன் பேச வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. "நம்ம பெரியம்மா பொண்ணு ஸ்டுட்கார்ட்லதானே இருக்கா, கைக்குழந்தை வேற, அவளே இவளைக் கூப்பிட்டுக்கலாமே" என்று என் நாத்தனார் கேட்டாள். முடியாது. கூப்பிடுகிற குடும்பத்துக்கு ஓ பேர் சொந்தக்காரியாக இருக்கக் கூடாது. அது மட்டுமில்லை, தாய்மொழி ஜெர்மனாக இல்லாமல் வீட்டில் மட்டும் ஜெர்மன் பேசுகிற குடும்பம் என்றால், அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து ஓ பேர் வரக் கூடாது. அங்கே குடியேறிய இந்தியத் தம்பதி இந்தியப் பெண்ணைக் கூப்பிட முடியாது. பாஷையும் பழக்க வழக்கமும் கற்பதற்காகத்தானே அனுப்புகிறோம், அங்கேயும் போய்த் தமிழே பேசிக்கொண்டிருந்தால் எப்படி என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. சொந்தக்காரர் வீடு என்றால் நேரம் காலம் பார்க்காமல் வேலை வாங்கி விடுவோம் என்பதும் நமக்குத் தெரியாததா என்ன!

வேலை நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 30 மணி. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு, நாலு சாயங்காலமாவது பெண்ணின் இஷ்டம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு லீவாக அமைய வேண்டும். ஒரு வருஷம் முழுக்க இருந்தால் நாலு வாரம் விடுமுறை. ஜன்னல் வைத்த தனி ரூம் தர வேண்டும். குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, ஸ்கூலில் விடுவது, துணி மடிப்பது, சின்னச் சமையல் இதெல்லாம் அவள் வேலை. வீடு முழுக்கத் துடைக்க வைப்பதோ, படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதோ கிடையாது.

கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ தருகிறார்கள். நம் கணக்கில் 25 ஆயிரத்துக்கு மேல் வரும். பாஷை வகுப்புக்கு மாதம் 70 யூரோவும் குடும்பமே கொடுக்கிறது. மருத்துவம், பிரசவம், விபத்து என்று எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸும் அவர்கள் செலவு. ஆனால் சகோதரிகளே, இது சம்பளம் இல்லை. இதை நம்பி வட்டிக்கு வாங்கி அனுப்பினால் அசல் கூட அடையாது. அந்தப் பெண் மாதாமாதம் வீட்டுக்கு ஏதும் அனுப்பவில்லையாம். பஸ் பாஸ், குளிருக்குக் கோட்டு, பூட்ஸ், எப்போதாவது தோழிகளோடு ஒரு காபி என்று சரியாகப் போய்விட்டதாம். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போட வேண்டும். விசா கட்டணம் 75 யூரோ.

ஏஜென்ட் கேட்ட மூன்று லட்சத்துக்கு வருகிறேன். ஓ பேராக ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து தருவதற்கு ஏஜென்சி அந்தப் பெண்ணிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம் என்று ஜெர்மனியில் விதியே இருக்கிறது! ஏஜென்சியே இல்லாமல் குடும்பத்தோடு நேரே பேசி ஏற்பாடு செய்துகொள்ளவும் தடையில்லை. இதை என் நாத்தனாரிடம் சொன்னதும் போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த ஆளிடம், "குடும்பம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். இன்றைக்கு, நாளைக்கு என்றவர் பிறகு போனையே எடுக்கவில்லை. வளையல் கையிலேயே இருக்கிறது. பெண் இப்போது ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். 'டேர், டீ, டாஸ்' என்று ராத்திரியெல்லாம் உருப் போடுகிறாளாம்.

சிலர் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போவதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அது முற்றிலும் வேறு. பத்தாவது பாஸ் செய்யாத பெண்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று வரும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அரசாங்க நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அதற்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

விசா கிடைத்துப் போய் இறங்கியதோடு வேலை முடியவில்லை. குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும். விசா தேதி முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு மனுப் போட வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருஷம், அவ்வளவுதான். ஆயுளில் ஒரே தடவைதான் ஜெர்மனியில் ஓ பேராக இருக்கலாம். பாதியில் திரும்பி வந்துவிட்டாலும் மறுபடி போக முடியாது. வருஷம் முடிந்த பிறகு நர்சிங் மாதிரி தொழிற்பயிற்சியில் சேருகிற பெண்கள் உண்டு. அதற்குத் தனி அனுமதி, இன்னும் நல்ல ஜெர்மன் எல்லாம் வேண்டும்.

கஷ்டம் இல்லாமலும் இல்லை. ராத்திரி சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான், அதுவும் ஆறு மணிக்கே. ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். முதல் இரண்டு மாதம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன் என்றாள் அந்தப் பெண். பிறகு குழந்தைகள் ஒட்டிக்கொண்டன. இன்றும் அவள் பிறந்த நாளுக்குப் படம் வரைந்து அனுப்புகிறார்களாம்.

எல்லா வீடும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நேரம் மீறி வேலை வாங்கினாலோ, மரியாதைக் குறைவாக நடத்தினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, மீதி இருக்கும் மாதங்களுக்கு வேறு குடும்பத்துக்கு மாறலாம். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்கிறோம் என்று யார் கேட்டாலும் பெண் கொடுக்கக் கூடாது. இந்தியத் தூதரகம் பெர்லினிலும், துணைத் தூதரகங்கள் ஹாம்பர்க், பிராங்பர்ட், மியூனிக் நகரங்களிலும் இருக்கின்றன. அந்த நம்பர்களை செல்போனில் மட்டும் வைக்காமல், ஒரு தாளிலும் எழுதிப் பெண்ணின் பர்ஸில் வைத்து அனுப்புங்கள்.

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.