ஒரிஜினலா, பேப்பர் இருக்கா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் யாராவது ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி வந்தால், பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "ஒரிஜினலா?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, "பேப்பர் இருக்கா?" அந்தப் பேப்பர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்றிதழ். குட்டியின் தாய், தகப்பன், அவற்றுக்கு முந்திய தலைமுறைகளின் பெயர்கள் அதில் இருக்கும். கண்காட்சிகளில் பட்டம் வென்ற நாயானால் பெயருக்கு முன்னால் 'சாம்பியன்' என்று சேர்ந்துகொள்ளும். குட்டி யாருக்குப் பிறந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. அது ஆரோக்கியமானதா, அதற்குக் காது கேட்குமா என்பதைச் சொல்வதில்லை.

நாய்க் கண்காட்சி என்ற ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1859-ல் நியூகாசிலில் நடந்த கண்காட்சியில் பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்கள் மட்டுமே கலந்துகொண்டன. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கிய பிறகு விதிகள் ஒழுங்குக்கு வந்தன. அவற்றில் முக்கியமானது 'ஸ்டாண்டர்ட்', அதாவது ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த வர்ணனை. வரிசையில் நிற்கும் நாய்களில் எது அழகு என்று நடுவர் பார்ப்பதில்லை. அந்த வர்ணனைக்கு எது அருகில் வருகிறது என்று பார்க்கிறார்.

நாய்களை மதிப்பிடும் களமான ரிங்குக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நாயை நடத்திக் காட்டும் ஹேண்ட்லர் அதை நான்கு காலும் சமமாக ஊன்றும்படி நிறுத்துவார். இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். நடுவர் முன்பக்கமாக வந்து, நாய் தன்னை நன்றாகப் பார்த்த பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். வளர்ந்த நாய்க்கு 42 பல். மேல்வரிசை கீழ்வரிசையின் முன்னால் ஒட்டினாற்போல் இறங்கினால் அது 'சிசர்ஸ் பைட்'. கீழ்த்தாடை முன்னால் துருத்தினால் 'அண்டர்ஷாட்'. பிறகு கை கழுத்து வழியாகத் தோள்பட்டை எலும்புகளின் உச்சிக்கு வரும். அந்த இடம் 'விதர்ஸ்'. நாயின் உயரத்தை அங்கேதான் அளக்கிறார்கள், தலையில் அல்ல. விரல் விலா எலும்பை எண்ணுவதுபோல் இறங்கி, நெஞ்சின் ஆழத்தைத் தொட்டு, ஒட்டி மேலேறும் அடிவயிற்றுக்குப் போகும். அந்த ஏற்றம் 'டக்-அப்'. கடுவன் நாயானால் இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். கடைசியாக ஓடவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் நடையைக் கவனிப்பார்.

இந்தச் சொற்கள் வெறும் அலங்காரத்துக்குச் சொல்லப்படுபவை அல்ல. ஆழ்ந்த நெஞ்சு நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் தருகிறது. ஒட்டிய வயிறு, ஓடும்போது முதுகெலும்பு வில்லாக வளைந்து பின்னங்கால் முன்னே வர வழிவிடுகிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் முழுவேகத்தில் ஓடும்போது ஒரே சுற்றில் இரண்டு முறை நான்கு காலும் தரையைவிட்டு எழும்புகின்றன. கரிசல் காட்டில் முயலை விரட்டிய நாய்க்கு அந்த உடம்பு தேவைப்பட்டது. ஓடத் தெரியாத நாயை யாரும் சேர்க்கைக்கு விடவில்லை. காடே நடுவராக இருந்தது.

இன்று முயல் வேட்டை சட்டப்படி குற்றம், கல்வராயன் மலையானாலும் சாத்தூர்ப் பக்கமானாலும். அது குற்றமாக இருப்பதே சரி. ஆனால் அதோடு அந்தப் பழைய பரீட்சையும் போய்விட்டது. அதன் இடத்தைத் தோற்றம் பிடித்துக்கொண்டது. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

ராஜபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைகளில் இடம்பெற்ற நாய் அது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் பதிவு செய்த இனங்களில் சிப்பிப்பாறையோடு அதுவும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்பதே அதன் அடையாளமாகிவிட்டது. இதே இனத்தில்தான் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன; அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது அவற்றின் வேலை. அவை போய்ச் சேராத காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். டால்மேஷியனிலும் இதே கதைதான். அமெரிக்க ஆய்வுகளில் அந்த இனத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் நாய்களுக்கு ஒரு காதாவது கேட்பதில்லை.

இதோடு நெருங்கிய உறவுக்குள் சேர்க்கும் 'இன்பிரீடிங்' வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால், பிறக்கும் குட்டியில் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 25 சதவீதம். தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்தால் 12.5. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்திலும் பிறக்கும் குழந்தைக்கு இதே 12.5தான், அத்தை மகன், மாமன் மகள் என்றால் 6.25. ஒரு நல்ல நாயின் குணத்தைத் தக்கவைக்கச் சற்றே தூரத்து உறவில் சேர்ப்பதை 'லைன்பிரீடிங்' என்பார்கள். உறவே இல்லாத நாயோடு சேர்ப்பது 'அவுட்கிராஸ்'. ஊருக்குள் நாலைந்து நல்ல கடுவன்களே இருக்கும்போது எல்லோரும் அவற்றையே நாடுவது இயல்பு. சாம்பியன் பட்டம் வாங்கிய கடுவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

குட்டி எடுக்கப் போகிறவர்கள் பேப்பரைக் கையில் வாங்கியதும் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியின் முதுகுப் பக்கம் நின்று, அதற்குக் காற்றோ அசைவோ தெரியாதபடி சத்தம் எழுப்பிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டி இதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி தெரியாது. அதுவும் திரும்பிப் பார்க்கும், வாலாட்டும், வளர்ந்து ரிங்கில் பரிசும் வாங்கும், பிறகு சேர்க்கைக்கும் போகும். அதைக் கண்டுபிடிக்கக் காதுக்குள் ஒலியைச் செலுத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை ஒன்றுதான் வழி. ராஜபாளையத்தின் பேப்பரில் அந்தச் சோதனை முடிவுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும் என்று வளர்ப்பவர்களே கேட்கத் தொடங்க வேண்டும்.