புத்தகத்துக்குப் பதில்

ஒரு புத்தகம் நமக்குப் பிடிக்கவில்லையானால் நாம் செய்யத்தக்கது யாது? சிறிய கேள்வியாகத் தோன்றும் இதுவே 2014, 2015-ஆம் வருஷங்களில் கொங்கு நாட்டைக் கலக்கியது. அக்கிளர்ச்சியின் சூடு தணிந்துவிட்ட இக்காலத்தில், கோபதாபமின்றி அதனைப் பரிசீலிப்பது பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவருக்கும் கடமையாகும் என்று கருதுகிறோம். ஸ்ரீ பெருமாள் முருகன் இயற்றிய 'மாதொருபாகன்' என்னும் நாவலைக் குறித்தே நாம் பேசப் புகுகிறோம். ஆனால் அதற்கு முன், அமெரிக்காவில் வெளியான சிறுவர் நாவல் ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் நன்கு விளங்கும்.

லோயிஸ் லோரி என்னும் மாது 1993-ல் 'தி கிவர்' என்ற கதையை வெளியிட்டார். அக்கதையில் வரும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, வறுமை இல்லை. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் உரிய தொழிலை மூப்பர்களே தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவ்வூராருக்கு நிறங்கள் தெரியா. சென்ற காலத்து ஞாபகங்கள் யாவும் ஒரே ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. வீடுகளில் அகராதி, விதிப்புத்தகம் முதலிய இரண்டொன்று தவிர வேறு புத்தகம் கிடையாது. புத்தகங்கள் நிறைந்த சுவர்களை ஜோனஸ் என்ற சிறுவன் முதன்முதல் காண்பது அக்கிழவரின் அறையில்தான். 'விடுவிப்பு' என்று ஊரார் இனிய சொல்லால் குறிக்கும் காரியம், வேண்டாதவரைக் கொல்வதே என்பதையும் அங்கேதான் அவன் அறிகிறான்.

இக்கதைக்கு வாசகர் அளித்த மறுமொழி ஒரே விதமாக இருக்கவில்லை. 1994-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் நியூபெரி பதக்கம் இதற்குக் கிடைத்தது. எத்தனையோ பாடசாலைகளில் பாடமாயிற்று. ஆனால் சிசுவைக் கொல்லும் காட்சி சிறுவர் படிக்கத்தக்கதன்று என்று பெற்றோர் பலர் ஆட்சேபித்தனர். சில ஊர்களில் பள்ளியிலிருந்து இதை நீக்க வேண்டுமென்று மனுக்கள் எழுந்தன. பரிசளித்த அதே சங்கம், அந்தப் பத்தாண்டுகளில் மிகுதியாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் ஜாபிதாவில் இதனையும் சேர்க்க நேர்ந்தது. பெற்றோரின் கவலையை நாம் பரிகசிக்கவில்லை. தம் குழந்தை எதைப் படிக்கிறது என்று கேட்பது அவர்கள் உரிமை. ஆயினும், புத்தகமில்லாத ஊரின் கொடுமையைச் சொல்லும் புத்தகத்தை விலக்கினால், அந்த ஊரையே நாம் சமைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதையும் அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. சுதந்திரத்துக்கு முற்பட்ட காலத்துத் திருச்செங்கோட்டு வட்டாரமே அதன் களம். காளி, பொன்னா என்ற உழவர் குடும்பத்துத் தம்பதிகள் அன்பில் குறைவற்றவர்கள். ஆனால் மணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் மக்கட்பேறு வாய்க்கவில்லை. அதன் பொருட்டு ஊராரும் உற்றாரும் அவர்களைச் சொல்லால் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலைமேல் எழுந்தருளியிருக்கும் அர்த்தநாரீசுவரரின் வைகாசித் தேர்த்திருவிழாவின் ஓர் இரவில், பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆடவரைக் கூடிக் கருத்தரிக்கும் வழக்கம் இருந்ததாகவும், அப்பிள்ளையைச் 'சாமி கொடுத்த பிள்ளை' என்று ஊரார் ஏற்றதாகவும் கதை செல்கிறது.

தமிழ் வாசகர்கள் நான்கு வருஷம் இதனைப் படித்தார்கள், பாராட்டினார்கள், குறையும் சொன்னார்கள். ஊர் எரியவில்லை. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்து ஓராண்டுக்குப் பிறகு, 2014 டிசம்பரில், நாவலின் சில பக்கங்கள் மட்டும் பிரதியெடுக்கப்பட்டு ஊரெங்கும் வழங்கப்பட்டன. திருச்செங்கோட்டில் புத்தகம் கொளுத்தப்பட்டது. 2015 ஜனவரி 9-ந் தேதி கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12-ந் தேதி நாமக்கல்லில் ஜில்லா அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் கூடியது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்பதாகவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஆசிரியர் கையெழுத்திட்டார். எழுத்தாளன் இறந்துவிட்டான், இனி எஞ்சியிருப்பவன் வாத்தியார் மட்டுமே என்ற கருத்துப்பட ஓர் அறிவிப்பை வெளியிட்டு ஓய்ந்தார்.

ஆட்சேபித்தவர்கள் பக்கத்தையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். 'கற்பனை ஊரைப் படைத்திருக்கலாமே. எங்கள் ஊரின் பெயரையும், எங்கள் கோயிலையும், எங்கள் குலத்தையும் ஏன் இழுக்க வேண்டும்? எங்கள் பாட்டிமாரைப் பற்றி உலகம் என்ன நினைக்கும்? இவ்வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?' என்பன அவர்களுடைய கேள்விகள். அவர்கள் மனம் புண்பட்டது மெய். மலைக்கோயிலைக் குலதனமாகப் போற்றும் ஜனங்களின் உணர்ச்சியை அற்பமென்று தள்ளுவோர், ஜனங்களோடு பழகாதவர்கள்.

ஆனால் இக்கேள்விகளுக்கெல்லாம் பதில் பெறும் வழி எது? ஆதாரமில்லை என்றால், கல்வெட்டும் ஏடும் வாய்மொழியும் ஆராய்ந்து மறுப்பு நூல் எழுதலாம். கூட்டம் போட்டுக் கண்டிக்கலாம். வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்யலாம். சட்டத்தையும் நாடலாம். மதவுணர்ச்சியை வேண்டுமென்றே தீய நோக்கத்துடன் புண்படுத்துவது அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவின்படி குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சங்கிதையின் 299-ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கிறது. இத்தனை வாசல்களும் திறந்திருக்க, கடைகளை அடைப்பதும், குடும்பத்தோடு ஒருவரை ஊரைவிட்டுப் போகச் செய்வதும் எந்த நியாயத்தின் பாற்படும்? மேலும், ஒரு பத்திரத்தின் நடுவரி நாலைந்தை மட்டும் வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை யாரேனும் ஒப்புவார்களா? முழு நாவலையும் படித்தவர்க்குத் தெரியும்: அந்நூல் பெண்களைப் பழிக்கவில்லை, பிள்ளையில்லாத ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணை வதைத்த ஊரைப் பழிக்கிறது. இந்த வதை பழங்கதை அன்று என்பதைக் கருத்தரிப்பு வைத்தியசாலைகளின் வாசலில் கண்ணீரோடு காத்திருக்கும் நம் சகோதரிகளே சொல்வார்கள்.

அதிகாரிகளின் போக்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அமைதியைக் காப்பது அவர்கள் வேலை. நாவலைத் திருத்துவது அவர்கள் வேலையன்று. இது புதிய சித்தாந்தமுமல்ல. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989-லேயே சுப்ரீம் கோர்ட் இதனைத் தெளிவாக்கிவிட்டது. ஆர்ப்பாட்டம் நடக்கும், கலகம் விளையும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சுரிமையை அடக்கலாகாது. அவ்வுரிமையைக் காப்பதே ஸர்க்காரின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் அச்சாரம் நாமக்கல்லில் மறந்துபோயிற்று. அதை நினைவூட்டச் சென்னை ஹைகோர்ட் வர வேண்டியிருந்தது. 2016 ஜூலை 5-ந் தேதி பிரதம நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தனர். சமாதானக் கூட்டத்து உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலை மூடி வைப்பதே வாசகர் செய்யத்தக்கது என்றும், ஆசிரியர் மறுபடி எழுத வேண்டுமென்றும் அவர்கள் கூறினர். அவரும் எழுதினார். 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்புக்கு 2023-ல் ஜேசிபி பரிசு கிடைத்தது. இறந்துவிட்டதாகச் சொன்ன எழுத்தாளர் பிழைத்தார். ஆனால் அன்று முதல் எத்தனை இளைஞர்கள், 'நம் ஊரைப் பற்றி எழுதினால் வம்பு' என்று பேனாவை மூடினார்களோ, அந்தக் கணக்கை எந்தக் கோர்ட்டும் எடுக்க இயலாது.

இதைத்தான் அமெரிக்கக் கதை நமக்குக் காட்டுகிறது. குறையே இல்லை என்று தன்னை நம்பவைத்துக்கொண்ட ஊர், முதலில் ஞாபகங்களைப் பூட்டி வைக்கிறது; பிறகு புத்தகங்களை; கடைசியில் தன் கையால் செய்யும் கொடுமையும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொங்கு நாட்டுக்குப் பெருமை பல உண்டு. மானம் பார்த்த பூமியில் கிணறு தோண்டிப் பயிர் செய்தவர்கள் நம்மவர். கோயமுத்தூர் ஆலைகளையும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளையும் தேசமெங்கும் அறியும். இப்பெருமைகள் உழைப்பால் வந்தவை. ஒரு நாவலால் போகக்கூடியவை அல்ல.

இலக்கியத்திலும் நம் பிரதேசம் பயந்த பிரதேசமன்று. 1942-லேயே ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' என்ற நாவலில், சொத்தில் பங்கு கேட்கும் கொங்கு விதவை ஒருத்தியையும், அதனால் விளைந்த கொலையையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். இன்று அந்நூல் கொங்கு நாட்டின் பெருமையாக எண்ணப்படுகிறது. ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் தலைமையில், ஸ்ரீ பெரியசாமித் தூரன் ஆசிரியராயிருந்து, தமிழுக்குப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், குழந்தைகளுக்கென்று வேறொரு பத்துத் தொகுதிக் களஞ்சியமும் அளித்தது இந்த மண்ணின் மக்களே. குழந்தைகள் எதையும் அறியலாம் என்று கருதிய பெரியோர்களின் ஊரில், பெரியவர்கள் ஒரு கதையைப் படிக்கலாகாது என்று சொல்வது பொருந்துமா?

1928-ல் பாரதியாரின் பாடல் நூல்களை அந்நிய ஸர்க்கார் பறிமுதல் செய்தபோது, ஸ்ரீ சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து வாதாடினார். புத்தகத்தைப் பறிக்கும் அதிகாரம் அந்நியன் கையில் இருந்தால் அநீதி, நம் தெருமுனைக் கூட்டத்தின் கையில் இருந்தால் நீதி என்றாகிவிடாது.

ஆகவே எந்தக் கட்சியைச் சேர்ந்த தொண்டர்களானாலும் அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. நாளை வேறொரு புத்தகம் உங்கள் கட்சியையோ, உங்கள் ஜாதியையோ, உங்கள் தலைவரையோ சுடக்கூடும். அன்று யாரேனும் நாலு பக்கத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், மீதிப் பக்கங்கள் எங்கே என்று முதலில் கேளுங்கள். முழுவதும் படியுங்கள். படித்த பின்பும் கோபம் ஆறவில்லையானால், உங்கள் பெயரைப் போட்டு மறுப்பு எழுதுங்கள். அதை அச்சிடப் பத்திரிகைகள் இருக்கின்றன.