‘வலுவிழந்தது’ என்றால் ஆபத்து நீங்கியதா? புயல் எச்சரிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தாழ்வு மண்டலம், தீவிரப் புயல், ஆரஞ்சு எச்சரிக்கை, மூன்றாம் எண் கூண்டு என்று செய்திகள் வரிசைகட்டும். இவற்றில் எது காற்றைப் பற்றியது, எது மழையைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பயிரையும் கால்நடையையும் காப்பாற்ற நேரம் கிடைக்கும்.

பெயர் காற்றுக்கு!

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்தே பெயர் சொல்கிறது. மணிக்கு 31 கி.மீ-க்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 50 கி.மீ வரை தாழ்வு மண்டலம். 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டுவார்கள். 89-க்கு மேல் தீவிரப் புயல், 118-க்கு மேல் மிகத் தீவிரப் புயல்.

நிறம் மழைக்கு!

மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ-க்கு மேல் பெய்தால் அது ‘அதி கனமழை’.

காற்று குறைந்தால் மழையும் குறையும் என்று நம்பிவிடக் கூடாது. 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், வகையில் சாதாரணப் ‘புயல்’தான். ஆனால், புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ மழை கொட்டியது. அது வலுவிழந்து உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்த பிறகும், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ பதிவானது. ‘வலுவிழந்தது’ என்ற சொல் காற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

கூண்டு துறைமுகத்துக்கு!

1, 2-ம் எண் கூண்டுகள், தொலைவில் கடலில் உள்ள சின்னத்தைக் குறிப்பவை. 3, 4 துறைமுகத்துக்கான முன்னெச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு, கப்பல்களுக்கும் படகுகளுக்கும்தான். வயலில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை அது சொல்லாது.

திடீர் அமைதியை நம்பாதீர்கள்!

புயலின் கண் பகுதி தலைக்கு மேல் வரும்போது காற்று நின்றுவிடும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். மரத்தைப் பார்க்கவோ மாட்டைப் பார்க்கவோ அந்த இடைவெளியில் வெளியே போகக் கூடாது.

கையில் இருக்கும் 48 மணி நேரம்

கடலோரத்துக்கான இரண்டாம் கட்டப் புயல் எச்சரிக்கை, சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அதற்குள்,

• முற்றிய நெல்லை அறுத்து, மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

• வடிகால் வாய்க்கால்களில் அடைப்பு நீக்க வேண்டும்.

• வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

• தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்கினால், மரத்தின் தலைப்பாரம் குறையும். 2018-ல் கஜா புயலில் டெல்டா தென்னந்தோப்புகள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

• கால்நடைகளை மேட்டுப்பகுதிக்கு ஓட்டிச்செல்ல வேண்டும். முடியாதபோது, கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தாவது விட வேண்டும்.

• பம்ப்செட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

வெளியேறச் சொன்னால் தாமதிக்காமல் வெளியேறுவதே நல்லது. கடல்நீர் ஊருக்குள் ஏறத் தொடங்கினால், பாதை மூழ்கிவிடும். உதவிக்கு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.